கழுத்துக் கோடு

திருத்தங்கலில் பாலகுரு என்று சொன்னால் எந்தப் பாலகுரு என்று கேட்பார்கள். கலர் பார்க்கிற பாலகுரு என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

லட்சுமிகாந்தத்தின் ஆப்செட் பிரஸ்ஸில் அவருக்கு இருபத்தெட்டு வருஷ வேலை. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சாகும்போது மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தாலும் லேபிளில் சிரிக்கிற குழந்தைக்கு நாலு உதடு தெரியும். மெஷினிலிருந்து வருகிற முதல் தாள்களை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, எல்லாம் சரி என்றால் ஓரத்தில் கையெழுத்துப் போடுவது பாலகுருவின் வேலை. கையெழுத்துப் போட்ட தாளுக்கு ஓகே ஷீட் என்று பெயர். அது இல்லாமல் மெஷின் ஓடாது. முதலாளியே வந்து நின்றாலும் ஓடாது.

அவருடைய அப்பா கரிசல் காட்டில் களை வெட்டவும் பருத்தி எடுக்கவும் கூலிக்குப் போனவர். பாலகுரு எட்டாவது முடித்துவிட்டுத் தீப்பெட்டியாபீசில் சில வருஷம் இருந்தார். பிறகு பிரஸ்ஸில் தாள் அடுக்கச் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் மாதம், அடுக்கிக்கொண்டிருந்த தாளைக் காட்டி, "இதுல சக்கரம் ரெண்டாத் தெரியுது" என்றார். லட்சுமிகாந்தத்தின் அப்பா அப்போது முதலாளி. அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தச் சொன்னார். அதிலிருந்து பாலகுரு தாள் அடுக்கவில்லை.

மனைவி அய்யம்மாள் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டினாள். ஒரே மகள் இசைவாணி. அவளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு அய்யம்மாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் பேச ஆள் இல்லாமல் போனது. பாலகுரு வீட்டில் பேசுகிறவர் இல்லை.

2004ஆம் வருஷம் பங்குனியில், தெருமுனையில் பைண்டிங் கம்பெனி ஒன்று கட்டுவதற்காக மொட்டைப் பனையை வெட்டிச் சாய்த்தார்கள். பனையின் பொந்துக்குள் இரண்டு குஞ்சுகள் இருந்தன. ஒன்று விழுந்த வேகத்திலேயே செத்திருந்தது. மற்றதை அய்யம்மாள் முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள். இறகு இல்லாமல், வயிறு மட்டும் பெருத்து, கண்ணை அரைகுறையாகத் திறந்துகொண்டு கிடந்தது.

"இது கிளியா?" என்று கேட்டார் பாலகுரு.

"பெறகென்ன, கோழியா?" என்றாள் அய்யம்மாள்.

பொட்டுக்கடலை மாவைத் தண்ணீராகக் குழைத்து, மருந்து வைக்காத தீக்குச்சியின் நுனியில் தொட்டுத் தொட்டு ஊட்டினாள். ஒரு மாதத்தில் பச்சையாக முளைத்தது. இரண்டாவது மாதத்தில் கிளி என்று பாலகுருவும் ஒத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

"செல்வின்னு பேரு வச்சிருக்கேன்" என்றாள்.

"பொட்டைன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மொகத்தப் பாத்தாத் தெரியல?"

பாலகுரு குனிந்து முகத்தைப் பார்த்தார். தலை பெரிதாக இருந்தது. பார்வையில் ஒரு முறைப்பு இருந்தது. அவருக்கு ஆண் என்றுதான் பட்டது. ஆனால் பட்டதையெல்லாம் நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை அவர்.

"ஆணா பொண்ணான்னு தெரியாமப் பேரு வைக்கிறது, புரூஃப் பாக்காம மெஷின ஓட்டுற மாதிரி" என்றார்.

"ஓட்டியாச்சு" என்றாள் அய்யம்மாள்.

எதிர்வீட்டு ராக்காயி இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். நூலில் ஊசியைக் கட்டிக் கிளியின் தலைக்குமேல் தொங்கவிட வேண்டும். ஊசி வட்டமாகச் சுற்றினால் பெண், முன்னும் பின்னும் ஆடினால் ஆண். கர்ப்பிணிகளுக்குப் பார்த்துப் பழகிய ஊசி அது. ராக்காயி கையை நீட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசி கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு முன்னும் பின்னும் ஆடியது. பிறகு கிளி நூலை எட்டிப் பிடித்துக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. ஊசியைத் தேட அரைமணி நேரம் ஆயிற்று.

"இப்பிடிக் கடிக்கிறதப் பாத்தா ஆம்பளைதான்" என்றாள் ராக்காயி.

"ஒங்க வீட்டுல யாரு கடிக்கிறா?" என்று கேட்டாள் அய்யம்மாள். ராக்காயி அந்த வழியை அதோடு விட்டுவிட்டாள்.

பாலகுருவோடு பள்ளிக்கூடத்தில் படித்த இருளாண்டி, பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். ஒரு சனிக்கிழமை, கிளியைக் கூடையில் வைத்துத் துண்டால் மூடி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார் பாலகுரு. துண்டை விலக்கியதும் இருளாண்டி வாசலை எட்டிப் பார்த்தார்.

"ஏலே, இத ஏம்லே இங்கன தூக்கிட்டு வந்த? கிளி வளக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. பாரஸ்ட்காரன் பாத்தா என்னையும்லா கேப்பான்."

"வளக்கல. வீட்டுல கெடக்கு."

"எங்கனயும் கெடக்கும். சொல்லு, என்ன நோக்காடு?"

"ஆணா பொட்டையான்னு தெரியணும்."

இருளாண்டி கிளியைப் பார்த்தார். கிளி இருளாண்டியைப் பார்த்தது.

"மாடுன்னா நான் நின்ன எடத்துல இருந்தே சொல்லிருவேன். இதுக்கு வெளிய ஒண்ணும் கெடையாது, எல்லாம் உள்ளுக்குள்ள. ஆணா இருந்தா ரெண்டரை, மூணு வருசத்துல கழுத்தச் சுத்திக் கறுப்பாக் கோடு விழும். பின்பக்கம் ரோஸ் கலரு வரும். பொட்டைக்கு அது கெடையாது. அதுவரைக்கும் யாரு என்ன சொன்னாலும் நம்பாத."

"மூணு வருசமா?"

"மூணு முடிஞ்சும் வரலைன்னா பொட்டை. போ, துண்ட மூடிக்கிட்டுப் போ."

பாலகுரு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தெரியாத விவகாரம் ஒன்று, கடைசியில் ஒரு கோடும் இரண்டு நிறமுமாக வந்து நின்றுவிட்டது. கோடும் நிறமும் அவருடைய துறை.

"கோடு விழுந்தா எனக்குத்தான் மொதல்ல தெரியும்" என்று அய்யம்மாளிடம் சொன்னார். "மூணு வருசம் முடிஞ்சும் விழலைன்னா நீ வச்ச பேருதான்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கழுத்தைப் பார்ப்பது வழக்கமாயிற்று. முதலில் பிரஸ்ஸிலிருந்து லென்ஸ் கொண்டுவந்து பார்த்தார். கிளி லென்ஸைப் பிடித்து இழுத்ததால் வெறுங்கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு ஒவ்வொரு வாரமும் "இன்னும் இல்ல" என்பார். அய்யம்மாள் அரிசி களைந்துகொண்டே "வராது" என்பாள்.

ஒன்றரை வருஷத்தில் கிளி பேச ஆரம்பித்தது. முதலில் பேசியது "ஏ அய்யம்மா" என்பது. குரல் அப்படியே பாலகுருவின் குரல். அடுப்படியிலிருந்து "வாரேன்" என்று சொல்லிக்கொண்டு அய்யம்மாள் நாலைந்து தடவை வந்து ஏமாந்தாள். டீக்கடையில் கேட்டதற்கு, ஆண்கிளிதான் பேசும், பெண்கிளி கத்த மட்டும் செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். பாலகுரு வந்து அதைச் சொன்னார்.

"பேசுறதெல்லாம் ஆம்பளைன்னா இந்தத் தெருவுல பொம்பளையே கெடையாது" என்றாள் அய்யம்மாள்.

அந்த வருஷக் கடைசியில் பாலகுருவுக்கு ஒரு நல்லது நடந்தது. நாற்பத்திரண்டு வயதிலிருந்து அவர் படிப்பதற்குக் கண்ணாடி போட்டுவந்தார். ஒரு நாள் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வேலைக்குப் போனவர், லேபிளின் அடியில் எறும்பு மாதிரி அச்சாகியிருக்கும் கம்பெனி விலாசத்தை வெறுங்கண்ணால் படித்துவிட்டார். மறுநாளும் படித்தார். ஐம்பது தாண்டி அவருக்குக் கண் திரும்பி வந்திருந்தது. கண்ணாடியைப் பெட்டியில் போட்டுப் பீரோவில் வைத்தார். பிரஸ் முழுக்கச் சொன்னார். லட்சுமிகாந்தம் அவரைவிடப் பத்து வயது சின்னவர், அப்போதுதான் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தார். "என்னண்ணே சாப்பிடுறீக?" என்று கேட்டார்.

"முருங்கைக்கீரை" என்றார் பாலகுரு. வேறு காரணம் அவருக்குத் தோன்றவில்லை.

2006 சீசனில் பாட்னா பக்கத்து வியாபாரி ஒருவருக்குக் கம்பி மத்தாப்புப் பெட்டி ஆர்டர் வந்தது. நீல வானத்துக்குக் கீழே ஒரு குழந்தை மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். முதல் தாளைப் பார்த்த பாலகுருவுக்கு வானம் சரியாகப் படவில்லை. செம்மண் புழுதி கிளம்பிய மாதிரி இருந்தது.

"நீலத்தக் கூட்டு" என்றார்.

மெஷின்மேன் கதிரவன் கூட்டினான். அடுத்த தாளிலும் புழுதி இருந்தது.

"இன்னும்."

"அண்ணே, நீலம் எக்கச்சக்கமாப் போற மாதிரி தெரியுது."

"கண்ணாடி போட்டவனுக்கு அப்பிடித்தான் தெரியும்."

கதிரவன் தடித்த கண்ணாடி போட்டிருந்தான். அதற்குமேல் அவனால் வாதாட முடியவில்லை. சொன்ன அளவுக்கு மையைத் திறந்துவிட்டான். பாலகுரு கையெழுத்துப் போட்டார். நாலு நிறமும் ஒரு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தன. லோடு லோடாக லேபிள் போயிற்று.

தீபாவளிக்கு அய்யம்மாளுக்குச் சிவகாசியிலிருந்து மயில் கழுத்து நிறத்தில் சேலை எடுத்துவந்தார். அவள் பிரித்துப் பார்த்தாள். மறுபடியும் மடித்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். கடையில் மாற்றுவதற்குக் கேட்கவில்லை. எடுத்துவந்த சேலையை மாற்றாமல் விடுவது அவள் வழக்கம் இல்லை என்பது பாலகுருவுக்கு உறைக்கவில்லை.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. கிளிக்கு மூன்று வருஷம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. பாலகுரு கூண்டை வாசலுக்குக் கொண்டுவந்து, இப்படியும் அப்படியும் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். வருகிற கோடாக இருந்தால் இந்நேரம் ஒரு சாயலாவது தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. தவணை முடியும் வரை இழுத்தடிப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்.

"ஏ அய்யம்மா, இங்கன வா."

"கிளியா, நீங்களா?"

"நான்தான்."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பொட்டைதான். ஒத்துக்கிடுறேன். நீ வச்ச பேரு சரி."

ராக்காயியைக் கூப்பிடுவாள், தெருவே கேட்கச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் கிளியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் ரொம்ப நேரம் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. ஜெயித்தும் இவளுக்குத் திருப்தி இல்லையே என்று நினைத்துக்கொண்டு பாலகுரு கூண்டை மாட்டினார்.

மறுநாள் பொங்கல். சாத்தூரிலிருந்து இசைவாணி வந்தாள். பையை இறக்கி வைத்தவள் நேராகக் கூண்டுக்குப் போனாள்.

"அம்மா! செல்விக்குக் கழுத்துல கோடு விழுந்திருக்கு! இது ஆம்பளைப் பிள்ளைம்மா!"

அடுப்படியில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

பாலகுரு சிரித்தார். "நேத்துத்தான் பாத்தேன், ஒண்ணும் இல்ல."

"என்னப்பா இல்லங்கீக? தாடைக்குக் கீழ இருந்து பென்சில்ல இழுத்த மாதிரி சுத்திப் போகுது. பின்னால ரோஸ்கூட லேசா இருக்கு, பாருங்க."

குனிந்து பார்த்தார். பச்சையாக இருந்தது. தாடைக்குக் கீழே பச்சை கொஞ்சம் மங்கலாக இருந்தது.

"அது நெழலு" என்றார்.

இசைவாணி கூண்டைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினாள். நிழலாக இருந்தால் இடம் மாற வேண்டும். மங்கல் இருந்த இடத்திலேயே இருந்தது. வேறு யாராவது என்றால் இன்னும் கொஞ்ச நேரம் வாதாடியிருப்பார்கள். பாலகுருவுக்கு அது போதும். மெதுவாக நிமிர்ந்து, நடையில் வந்து நின்ற அய்யம்மாளைப் பார்த்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"கார்த்திகையிலயே."

"ராக்காயிக்கு?"

"அவளுக்கும்தான்."

"தெருவுக்கே தெரியுமா?"

"மேலத்தெருவுக்குத் தெரியாது."

பாலகுரு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏன் சொல்லல?"

"மயில் கழுத்துன்னு ஒரு சேல எடுத்துட்டு வந்தீகளே, அது காப்பிப்பொடிக் கலரு. அன்னைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிருச்சு. ஊருக்கே கலர் பாத்துச் சொல்ற மனுசன்கிட்ட, ஒங்களுக்குக் கலர் தெரியலைன்னு நான் எப்பிடிச் சொல்ல? கோடு நல்லா அழுந்த விழட்டும், அவுகளே பாத்துக்கிடுவாகன்னு இருந்தேன். நேத்து நீங்க கூப்பிட்டு, நீ ஜெயிச்சிட்டன்னு சொல்றீக. எனக்கு உசுரே இல்ல."

கிளி "ஏ அய்யம்மா" என்றது.

"விருதுநகர்ல கண்ணு கேம்ப் போடுறாக. தை பன்னெண்டாந்தேதி. பேரு குடுத்தாச்சு" என்றாள் அய்யம்மாள்.

"யாரு பேர?"

"எம் பேரயா குடுப்பேன்?"

அந்தப் பொங்கலைப் பாலகுரு ருசித்துச் சாப்பிடவில்லை. கையில் பிடித்த தாள், கூட்டச் சொன்ன நீலம், போட்ட கையெழுத்து என்று ஒரு வருஷம் முழுக்க அவர் தலைக்குள் ஓடியது. லீவு முடிந்த முதல் நாள் மற்றவர்களுக்கு முன்னால் பிரஸ்ஸுக்குப் போனார். மத்தாப்பு லேபிளின் ஓகே ஷீட்டைத் தேடியெடுத்து மேஜையில் விரித்தார். அவர் கண்ணுக்கு வானம் வானமாகத்தான் இருந்தது. கதிரவன் வந்ததும் கூப்பிட்டார்.

"மறைக்காமச் சொல்லு. எப்பிடி இருக்கு?"

கதிரவன் தயங்கினான். "அந்தப் பிள்ளைக்கு ஒதடெல்லாம் ஊதாவா இருக்குண்ணே. குளிர் சொரம் கண்ட மாதிரி."

பாலகுரு அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு லட்சுமிகாந்தத்தின் அறைக்குப் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கிளியில் ஆரம்பித்துக் குழந்தையின் உதடு வரைக்கும் சொன்னார். இனிமேல் தான் கையெழுத்துப் போடுவது முறையில்லை என்றார். லட்சுமிகாந்தம் தாளைப் பார்த்தார். அவருக்கும் அது ஊதாவாகத்தான் தெரிந்திருக்கிறது. பாலகுரு கையெழுத்து இருந்ததால் தன் கண்ணாடியின் பவர் சரியில்லை என்று நினைத்து, சிவகாசியில் போய் மாற்றிக்கொண்டும் வந்திருந்தார்.

"கண்ணச் சரி பண்ணிட்டு வாங்கண்ணே. அதுவரைக்கும் கதிரவன் பாக்கட்டும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதுதான் பாலகுருவுக்குச் சங்கடமாக இருந்தது.

கேம்ப்பில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்று எழுதிக் கொடுத்தார்கள். வேனில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா விசாரித்தார். பாலகுரு தன் தரப்பில் சொல்வதற்கு ஒன்று வைத்திருந்தார்.

"கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொல்றீக. நான் கண்ணாடி இல்லாமப் பொடி எழுத்துப் படிக்கிறேன்மா. ஒரு வருசமாப் படிக்கிறேன்."

"புரை முத்தும்போது சில பேருக்குக் கொஞ்ச நாள் அப்படித் தெரியும். கிட்டத்துல நல்லாத் தெரியும், நிறம் மங்கும். அதுவே புரைக்கு அடையாளந்தான்" என்றார் டாக்டரம்மா.

கண்ணில் கத்தி வைப்பார்கள் என்பதைவிட, முருங்கைக்கீரையைப் பற்றிப் பிரஸ் முழுக்கச் சொன்னதுதான் அப்போது பாலகுருவுக்கு உறுத்தியது.

இடது கண்ணில் முதலில் செய்தார்கள். வலது கண்ணுக்குச் சித்திரையில் வரச் சொன்னார்கள். கட்டவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றியபோது, சந்தன நிறம் என்று அவர் நினைத்திருந்த சுவர் வெளிர்நீலமாக இருந்தது. அய்யம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் தலையில் காதோரம் முழுக்க நரைத்திருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

"கிளிக்குக் கோடு வர்றதுக்கு முந்தியே."

பிறகு கூண்டுக்குப் போனார். கோடு இருந்தது. தாடையில் தடித்துத் தொடங்கி, போகப் போக மெலிந்து, பின்னங்கழுத்தில் ரோஸ் நிறத்தில் கரைந்தது. அந்த ரோஸுக்கு மேலே, பச்சையில் நீலம் லேசாக ஏறியிருந்தது. இருளாண்டி அதைச் சொல்லவே இல்லை. மூன்று நிறமும் சேருகிற இடத்தில் பிசிறே இல்லை. பாலகுரு வலது கண்ணை மூடிப் பார்த்தார். ஆண். இடது கண்ணை மூடிப் பார்த்தார். பெண். மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சோறு ஆறுகிறது என்று அய்யம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"பேர மாத்தணுமே" என்றார் சாப்பிடும்போது.

"கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குது. போதும்" என்றாள்.

மாசியில் வேலைக்குப் போனார். போன நாலாம் நாள் லட்சுமிகாந்தம் அவரையும் கதிரவனையும் அறைக்குக் கூப்பிட்டார். பாட்னா வியாபாரி அடுத்த சீசனுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். போன வருஷத்தைப்போல இரண்டு மடங்கு. ஒரே ஒரு நிபந்தனை.

"அதே நீலம் வேணுமாம்ணே. நாலு கடை தள்ளி நின்னாலும் அந்தப் பெட்டிதான் கண்ணுல படுதாம். அங்க யாவாரிக மத்தியில அந்த நீலத்துக்குப் பேரே வந்துருச்சாம்."

"மொதலாளி, அது தப்பான நீலம்."

"தெரியும்."

"பிள்ளை ஒதடு…"

"தெரியும்ணே. அவன் அதத்தான் கேக்குறான்."

கதிரவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மெஷின் ஏறியது. முதல் தாள் வந்தது. பாலகுரு போன வருஷத்து ஓகே ஷீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்தார். இடது கண்ணால் பார்த்தால் அந்த நீலம் அளவுக்கு மீறி உறைத்தது. அவருக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. இரண்டு தாளையும் ஒட்டி வைத்து, "கூட்டு" என்றார். கதிரவன் கூட்டினான். "இன்னும்" என்றார். இந்தத் தடவை கதிரவன் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் உதடு சரியாகப் போன வருஷத்து ஊதாவுக்கு வந்து சேர்ந்தது. பாலகுரு இடது கண்ணை மூடிக்கொண்டார். வலது கண்ணுக்கு வானம் தெளிந்து, குழந்தை ஆரோக்கியமாக இருந்தது. அந்தக் கண்ணோடு கையெழுத்துப் போட்டார். தேதியையும் எழுதினார். மெஷின் ஓடியது.

சித்திரை நெருங்கும்போது லட்சுமிகாந்தம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். வலது கண் ஆபரேசனை ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று. சீசனில் அந்தக் கண்ணுக்கு வேலை இருக்கும்போல அவருக்குப் பட்டது. பாலகுரு வீட்டில் வந்து சொன்னார்.

"அவுக கண்ண அவுக வச்சுக்கிடட்டும்" என்றாள் அய்யம்மாள். "இது என் வீட்டுக் கண்ணு."

சித்திரை இருபதாம் தேதி இருவரும் மதுரை பஸ் ஏறினார்கள். புறப்படும் முன் பாலகுரு கதிரவனைக் கூப்பிட்டு, இரண்டு தாளையும் ஒட்டி வைத்துப் பார்ப்பது எப்படி என்று காட்டிவிட்டு, ஓகே ஷீட்டில் அவனையே கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டிலில் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் இருந்தார். மொக்கைச்சாமி என்று பெயர். அவருக்கு மறுநாள் காலையில் ஆபரேசன். இரண்டு பேரும் மழை, பருத்தி விலை என்று பேசி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் ஆடுமாடு எப்படி என்று பாலகுரு கேட்டார்.

"ரெண்டு எருமை நிக்குது. ஒரு கிளி கெடக்கு" என்றார் மொக்கைச்சாமி. "ஆறு வருசமாச்சு. சண்முகம்னு பேரு. கெட்டிக்காரப்பய."

பாலகுரு நிமிர்ந்து உட்கார்ந்தார். அய்யம்மாள் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினாள்.

"கழுத்துல கோடு இருக்கா?"

"கோடா? என்ன கோடு? மொழுமொழுன்னு பச்சையாத்தான் இருக்கு."

ஆறு வருஷம். கோடு இல்லை. பாலகுருவுக்கு விஷயம் தெளிவாகத்தான் தெரிந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் மொக்கைச்சாமி கட்டிலில் துழாவித் தன் டம்ளரைத் தேடினார். டம்ளர் அவர் கைக்கு எதிரிலேயே இருந்தது. அய்யம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன், என்ன சேதி?" என்று கேட்டார் மொக்கைச்சாமி.

"ஒண்ணும் இல்ல" என்றார் பாலகுரு. "மொதல்ல ஆபரேசன முடிச்சிட்டுப் போங்க. பெறகு கிளிய வெளிச்சத்துல வச்சு இன்னொரு தடவ பாருங்க."